டவர் காட்டியும் படம் போகவில்லை: மாலையானால் மொபைல் டேட்டா நின்றுவிடுவது ஏன்?

கோரைப்பூ (பத்தமடைப் பக்கம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பத்தமடைக்கு அருகே எங்கள் ஊரில் பெண்கள் சிலர் சேர்ந்து கோரைப்பாய் நெய்து விற்கிறோம். கல்யாணப் பாய்க்கு ஆர்டர் கொடுக்கும் வெளியூர்க்காரர்கள், மணமக்கள் பெயரை நெய்த பகுதியைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி, எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தைப் போடுவார்கள். அந்தப் படம்தான் இப்போது போக மறுக்கிறது.

காலையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல், பாய் நெய்யும் பின்கட்டில் உட்கார்ந்து படத்தை அனுப்பினால், அதன் மேல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூலையில் கடிகாரக் குறி மாறுவதில்லை. ஆனால் அதே நேரத்தில் மற்றவர்கள் எனக்கு அனுப்பும் படங்கள், சற்றுத் தாமதமானாலும் வந்து சேர்கின்றன. அழைப்பும் பேச முடிகிறது. டவர் இரண்டு மூன்று கோடு காட்டுகிறது, 5ஜி என்றும் சில நேரம் 4ஜி என்றும் மாறி மாறி வருகிறது. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் சிறிது நேரம் சரியாகிறது, பிறகு பழைய கதைதான். திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனால் எந்தச் சிக்கலும் இல்லை. அண்ணன் வீட்டு வைஃபையிலும் சிக்கல் இல்லை. கைபேசி புதியது, இரண்டு சிம் உள்ளது. புதிய கைபேசி வாங்கச் சொல்கிறார்கள், சிம்மை மாற்றச் சொல்கிறார்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

சேரன்மகாதேவி கடைக்காரர்:

வணக்கம், சகோதரி. கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முதலில் உங்கள் அன்றாட டேட்டா அளவு மாலைக்குள் தீர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள். மாலையில் மட்டும் நின்று காலையில் தானாகச் சரியாகிறது என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற திட்டங்களில், அது தீர்ந்ததும் இணைப்பு அறுந்துபோவதில்லை. வேகம் நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) ஆகக் குறைக்கப்படுகிறது, நள்ளிரவுக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த வேகத்தில் 4 எம்பி அளவுள்ள ஒரு படம் போய்ச் சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி மட்டும் போய்விடுவதால், டேட்டா இருக்கிறது என்றே நாம் நம்பிக்கொண்டிருப்போம். பிள்ளைகள் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் வீடியோ பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, இரண்டு சிம்மில் எது டேட்டாவுக்கு என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் சிக்னல் குறைந்தால் மற்றதற்குத் தானாக மாறும் வசதி இயங்கிக்கொண்டிருந்து, மற்ற சிம்மில் ரீசார்ஜ் இல்லாமல் இருந்தால் இப்படித்தான் நிற்கும். டேட்டா சேவர் இயங்கினால் அதையும் நிறுத்துங்கள்.

கைபேசியை நிறுவனத்தின் இணையத்தோடு இணைக்கும் ஏபிஎன் என்ற அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். நெட்வொர்க் அமைப்புகளை முழுவதும் அழிக்கும் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் அதோடு போய்விடும்.

பாளையங்கோட்டை அலைவரிசை:

தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொற்கள். கடைக்காரத் தம்பி சொன்னதில் டேட்டா அளவும் இரண்டாவது சிம்மும் பார்க்க வேண்டியவைதான். ஏபிஎன்னை விட்டுவிடலாம். அது தவறாக இருந்தால் ஜங்ஷனிலும் வேலை செய்யாது, காலையிலும் வேலை செய்யாது. வைஃபையில் ஒழுங்காக இருப்பதால், வாட்ஸாப்பிலோ, கைபேசியின் தேதியிலோ, இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பிலோ பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சகோதரி தம் கேள்வியில் எழுதியிருக்கும் விவரங்களே பாதிச் சந்தேகங்களைத் தீர்த்துவிட்டன. ஆகவே தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம், புதிய கைபேசிக்குப் பணம் செலவழிக்கவும் வேண்டாம்.

அவர் எழுதியதில் என் கண்ணில் பட்டது, வரும் படம் வருகிறது, போகும் படம் போகவில்லை என்பதுதான். டவரிலிருந்து கைபேசிக்கு வரும் அலையும் கைபேசியிலிருந்து டவருக்குப் போகும் அலையும் ஒரே வலுவுள்ளவை அல்ல. தாமிரபரணியின் அக்கரையிலிருந்து ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினால் இக்கரையில் நமக்குத் தெளிவாகக் கேட்கும். நாம் வெறும் வாயால் கத்தும் மறுமொழி அவருக்குக் கேட்காது. திரையில் தெரியும் கோடுகள் டவரின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. அதிலும் எத்தனை டெசிபலுக்கு எத்தனை கோடு என்பதைக் கைபேசி தயாரிப்பவர்கள் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே கோட்டைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும் தெரியும். அது கழித்தல் குறியோடு வரும் எண் என்பதால், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் −90 அல்லது அதைவிட மேலாக இருந்தால் கவலை இல்லை. −110ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் அனுப்புவதில் தடுமாற்றம் தொடங்கும்.

மாலையில் மட்டும் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. வேலை முடித்து எல்லோரும் வீடு திரும்பி இரண்டு டவரிலும் கூட்டம் ஏறும்போது, டவருக்கு அருகில் இருப்பவர் தப்பித்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே தொலைவில் இருப்பவருக்கு இரைச்சல் கூடி வேகம் விழும். இதற்கு மேல் 5ஜி வேறு. அது இங்கே பெரும்பாலும் 3500 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் இயங்குவதால், 4ஜிக்குப் பயன்படும் 850, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் போல நெடுந்தூரம் போகாது, கனத்த சுவரையும் எளிதில் துளைக்காது. உங்கள் கைபேசி எட்டாத 5ஜியை எட்டிப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்ததும் சற்று நேரம் சரியாவதற்கும் இது பொருந்துகிறது. அப்போது கைபேசி புதிதாகத் தேடிப் பதிவு செய்துகொள்கிறது.

விரும்பும் நெட்வொர்க் வகை என்ற இடத்தில் 5ஜியை விட்டு 4ஜி என்று மாற்றுங்கள். பின்கட்டிலும் மாடியிலும் காலையிலும் மாலையிலும் எண்ணைக் குறித்து இங்கே எழுதுங்கள். முடிந்தால் அதே சிம்மை அதே இடத்தில் வேறொரு கைபேசியில் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால் உங்கள் கைபேசியின் மேல் பழி இல்லை.

கோரைப்பூ:

மிக்க நன்றி, அண்ணாச்சி. கடைக்காரர் சொன்னபடி பார்த்தேன்; மாலையிலும் டேட்டா மீதம் இருக்கிறது, இரண்டாவது சிம்முக்குத் தானாக மாறும் வசதியும் இயங்கவில்லை. 4ஜி என்று மாற்றியதும் முன்கட்டில் படம் தடையில்லாமல் போகிறது. பின்கட்டில் மட்டும் இன்னும் நிற்கிறது. அங்கே −117 காட்டுகிறது, மாடியில் தென்பக்க ஜன்னலோரம் −96. தங்கையின் கைபேசியில் என் சிம்மைப் போட்டபோதும் பின்கட்டில் அதே நிலைதான். பின்கட்டுக்குச் சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே தகரக் கூரை. சிக்னல் கூட்டும் பூஸ்டர் ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள், வாங்கலாமா?

பாளையங்கோட்டை அலைவரிசை:

உங்கள் கைபேசி நன்றாக இருக்கிறது. அலை அந்தத் தகரத்தைத் தாண்டிப் போகவில்லை, அவ்வளவுதான். பூஸ்டர் வாங்க வேண்டாம். உரிய அனுமதியில்லாமல் அதை விற்பதும் வைத்திருப்பதும் நம் நாட்டில் சட்டத்துக்குப் புறம்பானது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தரங்கெட்ட பூஸ்டர் ஒன்று டவரின் காதில் இரைச்சலை ஊற்றி, தெருவில் உள்ள அத்தனை பேருடைய இணைப்பையும் கெடுத்துவிடும் என்பதுதான்.

நிறுவனத்திடம் புகார் பதிவு செய்யுங்கள். 198ஐ அழைத்து, புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நெட் வரவில்லை என்று மட்டும் சொன்னால் கைபேசியை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். இன்ன இடத்தில், மாலை இன்ன நேரத்தில், 4ஜியில் −117, வேறு கைபேசியிலும் அதே நிலை, படம் மேலே போகவில்லை என்று சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். தீர்வு திருப்தியாக இல்லாவிட்டால், அதே புகார் எண்ணோடு அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்கள் தம் சேவை எட்டும் பகுதிகளின் வரைபடத்தைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் ஊரை அதில் தேடி, அங்கே காட்டுவதும் உங்கள் எண்ணும் முரண்பட்டால் அதையும் புகாரில் சேருங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால், அந்த நிறுவனத்தின் சிம் உள்ள ஒருவரைப் பின்கட்டுக்கு மாலையில் அழைத்து எண்ணைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

மணிமுத்தாறு அடிவாரம்:

மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு இது பழகிப்போன சங்கடம். புகாருக்குப் பதில் வரும் வரை வேலை நிற்க வேண்டாம். வீட்டில் பழைய 4ஜி கைபேசி இருந்தால், டேட்டா சிம்மை அதில் போட்டு, மாடியில் −96 காட்டிய அந்த ஜன்னலோரத்தில் சார்ஜரோடு வைத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுங்கள். பின்கட்டில் உங்கள் கைபேசியை அந்த வைஃபையில் இணைத்துப் படத்தை அனுப்புங்கள். ஹாட்ஸ்பாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் சுவர் தாண்டிச் சற்று நன்றாக எட்டும். தகரத்துக்கு அடியில் அது பலவீனமாக இருந்தால், பின்கட்டு வாசலருகே வந்து அனுப்புங்கள். ஆனால் வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணை மேலே விட்டுவிடாதீர்கள். ஓடிபி மாடியில் வந்துகொண்டிருக்கும். மற்ற சிம்மில் டேட்டா போட்டு அதை மேலே வையுங்கள்.

கோரைப்பூ:

அப்படியே செய்தேன். பின்கட்டு வாசலிலிருந்து படம் போகிறது. 198இல் புகார் எண் வாங்கியாயிற்று. பதில் வந்ததும் எழுதுகிறேன்.