வார்டில் காதில் விழுந்த ஆங்கிலம்

நர்சிங் முடித்துப் பெரம்பூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த புதிது. ரயில்வேயை ஒட்டி வளர்ந்த பகுதி என்பதால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கே உண்டு. வீட்டுக்குள்ளும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஓர் ஆன்ட்டி, விடியற்காலையில் நான் பி.பி. பார்க்கப் போனபோது, "ஐ த்ரூ அப், சைல்ட்" என்றார். இரண்டும் தெரிந்த சொற்கள்தான். சேர்ந்து வந்தபோது பிடிபடவில்லை. இப்படி ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதை 'ஃப்ரேசல் வெர்ப்' என்பார்கள். அவரே வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினார். வாந்தி! பாடத்தில் அதை 'எமெசிஸ்' என்று படித்திருந்தேன். எந்த நோயாளி அப்படிச் சொல்கிறார்?

அதன் பிறகு அவர் வாயையே கவனித்தேன். 'வேரிங் ஆஃப்' என்றால் வலி மருந்தின் வேகம் குறைகிறது. அடுத்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். 'கம் ரவுண்ட்' மயக்கம் தெளிவது. 'பாஸ் அவுட்' நம் ஊரில் கல்லூரிப் படிப்பை முடிப்பது. அவர் சொன்னால் மயங்கி விழுந்தது. குளியலறையில் அப்படி ஆனதாக ஒருவர் சொன்னால் உடனே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி அல்லவா?

புத்தகங்களில் 'புட்' என்ற சொல்லின் கீழ் புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித் என்று அடுக்கியிருப்பார்கள். தள்ளிப்போடுவது, தீயை அணைப்பது, சகித்துக்கொள்வது. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; மனத்தில் எப்படி நிற்கும்? என் நோட்டில் வலி, மயக்கம், வயிறு என்று தலைப்பிட்டு எழுதினேன். இன்று புதிதாக வரும் பெண்களுக்கும் அந்த நோட்டைத்தான் கொடுக்கிறேன்.

*

நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் தொலைபேசி வழி உதவிப் பிரிவில் இருக்கிறேன். சிஸ்டர் சொல்வது முற்றிலும் சரி. 'ஹேங் ஆன்' என்றால் காத்திருப்பது, 'ஹேங் அப்' என்றால் இணைப்பைத் துண்டிப்பது. மறுமுனையில் "யூ ஆர் பிரேக்கிங் அப்" என்றால் நம் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று பொருள். பயிற்சியில் கேட்டது மறந்துபோனது. அழைப்பில் கேட்டது மறக்கவில்லை.

*

தாம்பரத்தில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வினையோடு ஒரு சொல் ஒட்டிப் பொருள் மாறுவது நம் பிள்ளைகளுக்கு அந்நியமே இல்லை. எழுதிவை, எழுதிவிடு, எழுதிக்கொள் என்று பின்னால் ஒட்டுவதை வைத்துப் பொருளை மாற்றிப் பேசுகிற பிள்ளைகள்தானே!

அவர்களுக்குச் சிக்கல் சொல் வரிசையில். 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் மட்டும் நடுவில்தான் நிற்க வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. ஆனால் கவனித்துக்கொள்வதைச் சொல்லும் 'லுக் ஆஃப்டர்' பிரியாது. 'லுக் ஆஃப்டர் இட்' என்றே வரும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் கொட்டாவி விடுகிறார்கள். சுவிட்ச் அருகே ஒருவரை நிறுத்தி, மற்றவர்கள் கட்டளையிட்டால் வகுப்பே எழுந்து நிற்கிறது. விதிப்படி சொன்னால்தான் விசிறி நிற்கும்.