புதுப்பிப்பு: முட்டை சிக்கியிருந்த கோழி தேறிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. எங்கள் வீட்டுக் கோழி சனிக்கிழமை காலை திடீரென்று வாலைத் தொங்கவிட்டு முக்கிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். முட்டைதான் உள்ளே சிக்கியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கச் சொன்ன அக்காவின் யோசனை பலித்தது. பேசினில் வயிறு மூழ்க 20 நிமிடம். கண்ணை மூடி என் கையில் சாய்ந்துகொண்டது, பாவம். அப்புறம் துவட்டி, இருட்டான பெட்டியில் வைத்தோம். வயிற்றை அமுக்கவே இல்லை. உள்ளே முட்டை உடைந்தால் ஆபத்து. மூன்றாவது முறைக்குப் பிறகு, இரவு 9 மணிக்கு முட்டை வந்தது.

எதிர்பாராதது: அதற்கு ஓடே இல்லை, ஈரத் தோல் போல வளைந்தது. மறுநாள் மருத்துவரிடம் காட்டினோம். சோறும் ரொட்டியுமே அதிகம் போட்டதால் கால்சியம் குறைவு என்றார். இப்போது முட்டைக்கோழித் தீவனம், தனிக் கிண்ணத்தில் சிப்பித் தூள். நேற்று ஓடுள்ள முட்டை இட்டது, கொஞ்சம் சொரசொரப்பாக.