ரோஸ் கலரைப் பார்த்து வாயை விட்டேன்: லேப் ஆளுங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கிருஷ்ணகிரி, லேப் டெக்னீஷியன்:
போன மாங்கா சீசன்ல நடந்தது. கதீட்டர் போட்டிருந்த சுகர் பேஷன்ட்டோட யூரின். ஈஸ்ட் தெரிஞ்சதால, கேண்டிடா பூஞ்சைல எந்த வகைன்னு காலனி கலரை வெச்சுக் காட்டுற குரோமோஜெனிக் அகர்ல போட்டு 37 டிகிரில வெச்சேன். மறுநாள் காலைல பொடிப்பொடியா ரோஸ் காலனி. வார்டு டாக்டர்கிட்ட இருந்து போன் மேல போன். "கிளாப்ரேட்டா மாதிரி இருக்குங்க சார்"னு சொல்லித் தொலைச்சேன், அது கேண்டிடாவுல ஒரு வகை. அவரு ஃப்ளூகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்தோட டோஸை ஏத்திட்டாரு.

48 மணி நேரம் கழிச்சு மூடியத் திறந்தா, அதே ரோஸ்தான். ஆனா காலனி அகலமாப் படர்ந்து, பளபளப்பே இல்லாம, ஆறிப்போன தோசை ஓரம் மாதிரி சொரசொரன்னு, சுத்தி வெளுத்த விளிம்பு. குருசெய்ங்கிற வேற வகை! அதுக்குப் பிறவியிலேயே ஃப்ளூகோனசோல் கேட்காது. மாடிப்படி ஏறி ஓடுனேன். நல்லவேளை, திட்டிட்டு மருந்தை மாத்துனாரு.

மத்த வகைல ஆல்பிகன்ஸ் காய்மாங்கா பச்சை, டிராபிகாலிஸ் மயில்கழுத்து நீலம். அதுங்க ரெண்டும் தொல்லை பண்றதில்ல.

தர்மபுரி, மைக்ரோபயாலஜி:
பச்சைன்னாலே ஆல்பிகன்ஸ்னு எழுதிடாதீங்க தம்பி. டப்ளினியென்சிஸும் பச்சைதான், கொஞ்சம் கருத்த பச்சை. 45 டிகிரில போட்டா அது வளராது, ஆல்பிகன்ஸ் பெரும்பாலும் வளரும்.

எனக்கு நடந்தது தலைகீழ். ஈஸ்ட் வால் விட்டா ஆல்பிகன்ஸ்னு கண்டுபிடிக்கிற ஜெர்ம் டியூப் டெஸ்டுக்குச் சீரத்துல கலந்து வெச்சுட்டு ஓபி கூட்டத்துல மறந்துட்டேன். நாலு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா வால் நீட்டிட்டு இருக்கு. பாசிட்டிவ்னு எழுதப்போனேன். தட்டுல நல்ல நீலம், அகர் வரைக்கும் சாயம் இறங்கியிருக்கு. மறுபடி ஸ்லைடைப் பார்த்தா வால் முளைச்ச இடத்துல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கு. டிராபிகாலிஸ். மூணு மணி நேரத்துக்கு மேல விட்டா அதுவும் இப்படி வேஷம் போடும். அன்னிக்கு என்னைக் காப்பாத்துனது கலர்தான்.

ஓசூர், ஐசியு சாம்பிள் பார்க்கிறவர்:
ரோஸ்னா எனக்கு இப்பவும் பயம்தான். ரத்தக் கல்ச்சர்ல ரோஸா வந்தது, மெஷின் ஹீமுலோனிங்கிற வகைன்னு காட்டுச்சு. நம்ப மனசு வரல. ஹீமுலோனி வளராத 42 டிகிரில போட்டேன், தளதளன்னு வளர்ந்துச்சு. கிருமியோட புரதத்தை வெச்சு வகை சொல்ற மால்டி-டாஃப் மெஷின் இருக்கிற பெங்களூர் லேப்புக்கு அனுப்பினோம். ஆரிஸ், ஆஸ்பத்திரில ஆளுக்கு ஆள் பரவுற கேண்டிடா. 2009ல ஜப்பான்ல ஒருத்தர் காதுல இருந்து எடுத்துப் பேர் வெச்ச அதே சாமான். ரிசல்ட் வந்த சாயங்காலமே பேஷன்ட்டைத் தனி ரூமுக்கு மாத்தி, பழைய பெட்டை பிளீச் போட்டுத் துடைச்சாங்க.