டெர்மினல்ல மைஎஸ்க்யூஎல்ஐ இருக்கு, பிரவுசர்ல இல்லங்குது. உதவி வேணும்

கேள்வி:
வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்ல உபுண்டு 22.04. எங்க ஊர் படிப்பகத்துல யார் எந்த புத்தகம் எடுத்துட்டுப் போனாங்க, எப்ப திருப்பிக் குடுத்தாங்கன்னு பதிஞ்சு வைக்கிற பழைய பிஎச்பி புரோக்ராம் ஒண்ணு பென்டிரைவ்ல கெடைச்சுது, அத ஓட வைக்கணும். அப்பாச்சி (வெப் சர்வர்), மைஎஸ்க்யூஎல் 8.0 (டேட்டாபேஸ்) ரெண்டும் நல்லா ஓடுது. முதல்ல கனெக்ட் ஆகுதான்னு பாக்க ஒரு சின்ன டெஸ்ட் பேஜ் எழுதினேன், பிரவுசர்ல தொறந்தா ‘கிளாஸ் மைஎஸ்க்யூஎல்ஐ நாட் ஃபவுண்ட்’னு நின்னுடுது (மைஎஸ்க்யூஎல்ஐங்கிறது பிஎச்பிய டேட்டாபேஸோட இணைக்கிற எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் பகுதி). ஆப்ட்ல (உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற கமாண்ட்) பிஎச்பி-மைஎஸ்க்யூஎல் இன்ஸ்டால் குடுத்தா ஏற்கனவே இருக்குங்குது. டெர்மினல்ல ‘பிஎச்பி -எம்’ அடிச்சா லிஸ்ட்ல மைஎஸ்க்யூஎல்ஐ தெரியுது. அப்பாச்சி ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, மிஷினையே ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் மாறல. எங்க பாக்கணும்னு யாராச்சும் சொல்லுங்க.

பதில்:
தம்பி, டெர்மினல்ல ஓடுற பிஎச்பி வேற, அப்பாச்சிக்குள்ள ஓடுற பிஎச்பி வேற. பிஎச்பிஇன்ஃபோ ஃபங்ஷன மட்டும் கூப்பிடுற பேஜ் ஒண்ணு போட்டு பிரவுசர்ல தொற. மேலயே வெர்ஷன் இருக்கும், கொஞ்சம் கீழ ‘லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்’னு ஒரு வரி இருக்கும். டெர்மினல்ல ‘பிஎச்பி -வி’ என்ன காட்டுதுன்னும் பாத்து ரெண்டையும் இங்க போடு.

கேட்டவர்:
அண்ணா, டெர்மினல்ல 8.3. பிரவுசர்ல 8.1, ஃபைல் இடிசி/பிஎச்பி/8.1/அப்பாச்சி2 ஃபோல்டர்ல இருக்கு. நடுவுல ஒரு வீடியோ பாத்து ஒண்ட்ரே பிபிஏ (வேற பிஎச்பி வெர்ஷன்கள் கெடைக்கிற வெளி பேக்கேஜ் தளம்) சேத்தேன், அதனாலயா?

பதில்:
அதேதான். பிபிஏ மேல தப்பில்ல, நல்ல பிபிஏ தான். உபுண்டு 22.04 தர்றது 8.1, அதுதான் அப்பாச்சில மாடியூலா உக்காந்திருக்கு. பிபிஏ வந்தப்புறம் 8.3 தனியா எறங்கிருக்கு, டேட்டாபேஸ் எக்ஸ்டென்ஷனும் அதுக்குத்தான் போயிருக்கு. பிஎச்பி-மைஎஸ்க்யூஎல்ங்குற பேர்ல வெர்ஷன் நம்பர் இல்ல பாரு, அப்ப எது டீஃபால்ட்டோ அதுக்கான பேக்கேஜ இழுத்துட்டு வரும். ஒரே வீட்ல ரெண்டு சமையக்கட்டு, ஒண்ணுல வாங்கி வச்ச சாமான இன்னொண்ணுல தேடுற மாதிரி.

8.1-லயே இருக்கணும்னா பிஎச்பி8.1-மைஎஸ்க்யூஎல்னு நம்பரோட இன்ஸ்டால் பண்ணா போதும். ஆனா நான் 8.3-க்கு போகத்தான் சொல்லுவேன், 8.1-க்கு பிஎச்பி குழு தர்ற செக்யூரிட்டி சப்போர்ட் 2025 கடைசியோட முடிஞ்சிடுச்சு. லிப்அப்பாச்சி2-மாட்-பிஎச்பி8.3 இன்ஸ்டால் பண்ணு, அப்புறம் ஏ2டிஸ்மாட் பிஎச்பி8.1 (பழச அணைக்க), ஏ2என்மாட் பிஎச்பி8.3 (புதுச போட), ஒவ்வொரு கமாண்டுக்கும் முன்னாடி சுடோ சேத்துக்க (அட்மின் உரிமையோட ஓட்டுறதுக்கு), கடைசில அப்பாச்சி ரீஸ்டார்ட். இனிமே எந்த எக்ஸ்டென்ஷன் போட்டாலும் நம்பரோட போடு.

கேட்டவர்:
அண்ணா ரொம்ப நன்றி, பிரவுசர்லயும் 8.3 வந்துடுச்சு, அந்த எர்ரர் போயிடுச்சு! இப்ப ‘ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர் ரூட்’, நம்பர் 1698. பாஸ்வேர்ட் சரியாத்தான் குடுக்குறேன்.

இன்னொருத்தர் பதில்:
பாஸ்வேர்ட் பிரச்சனையே இல்லங்க இது. உபுண்டுல மைஎஸ்க்யூஎல் ரூட்டுக்கு (முழு அதிகாரம் உள்ள யூசர்) ஆத்_சாக்கெட்னு ஒரு முறை, லினக்ஸ்ல நீங்க ரூட்டா இருந்தாத்தான் உள்ள விடும், பாஸ்வேர்டையே பாக்காது. அப்பாச்சி ஓடுறது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாங்குற யூசர்ல, அதான் வெளிய நிறுத்துது. நெறைய பேர் ரூட்டையே பாஸ்வேர்டுக்கு மாத்தச் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேணாம். ‘சுடோ மைஎஸ்க்யூஎல்’னு உள்ள போய் புது யூசர் ஒண்ணு கிரியேட் பண்ணி, படிப்பக டேட்டாபேஸுக்கு மட்டும் கிரான்ட் (அனுமதி) குடுங்க.

இன்னொண்ணு, பழைய புரோக்ராம்னு சொன்னீங்க, அதுல மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்னு இருந்தா ஓடவே ஓடாது. 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7.0-லயே அத எடுத்துட்டாங்க. ஃபங்ஷன் பேர்ல ‘ஐ’ மட்டும் சேத்தா சரியாகாது, மைஎஸ்க்யூஎல்ஐ_குவெரில கனெக்ஷன் முதல்ல வரணும், குவெரி அடுத்து. எப்படியும் கை வைக்கத்தான் போறீங்க, அப்படியே ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்டுக்கு (குவெரியையும் ஃபார்ம்ல வர்ற மதிப்பையும் தனித்தனியா அனுப்புற முறை) மாத்திடுங்க, ஃபார்ம்ல யாராச்சும் ஒத்தை மேற்கோள் குறி போட்டாலும் குவெரி உடையாது.

கேட்டவர்:
ஆமாங்க, அதே மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் தான் இருந்துச்சு, மாத்திட்டு இருக்கேன், லிஸ்ட் பேஜ் வந்துடுச்சு. ஆனா புத்தகத் தலைப்ப தமிழ்ல போட்டா ‘இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ’, 1366. இங்கிலீஷ்ல போட்டா ஏறுது.

பதில்:
பழைய டேபிள் லேட்டின்1-ல (மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) இருக்கும், ‘ஷோ கிரியேட் டேபிள்’ குடுத்துப் பாரு தம்பி. லேட்டின்1-ல தமிழ் எழுத்துக்கு எடமே கெடையாது. ‘ஆல்டர் டேபிள்’ குடுத்து ‘கன்வர்ட் டு கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4’ (தமிழும் அடங்குற எழுத்து முறை). அதுக்கு முன்னாடி மைஎஸ்க்யூஎல்டம்ப்ல ஒரு பேக்கப் கட்டாயம். பழைய பதிவுல தமிழ் எதாச்சும் இருக்கா? இருந்தா கன்வர்ட் பண்ணாத, அந்த காலத்துல யூடிஎஃப்-8 பைட்ட அப்படியே லேட்டின்1 காலம்ல (டேபிளோட நெடுவரிசைல) திணிச்சிருப்பாங்க, கன்வர்ட் பண்ணா மொத்தமும் புரியாத கிறுக்கலா ஆயிடும். அப்ப அந்த நெடுவரிசைய மொதல்ல பிளாப் (எழுத்துன்னு பாக்காம வெறும் பைட்டா வைக்கிற வகை) ஆக்கி அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 ஆக்கணும். கனெக்ட் பண்ண கையோட செட்_கேர்செட்லயும் யூடிஎஃப்8எம்பி4 குடுத்துடு.

கேட்டவர்:
பழசு எல்லாமே இங்கிலீஷ் பதிவுதான் அண்ணா. பேக்கப் எடுத்துட்டு கன்வர்ட் பண்ணேன், தமிழ்த் தலைப்பு ஏறுது, தேடுனாலும் வருது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

பதில்:
சந்தோஷம் தம்பி. அந்த பிஎச்பிஇன்ஃபோ பேஜ மறக்காம அழிச்சிடு, படிப்பகத்துல இன்னொரு மிஷின்லருந்து தொறக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.