கயிறு கட்டிவிட்டவன் பொறுப்பா, அரிவாள் எடுத்தவன் பொறுப்பா?

பொதிகைச்சாரல்:
2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிச்ச மாணவனை வீடு புகுந்து வெட்டுனது பள்ளிப் பையன்கள். அதுக்குப் பிறகு அமைச்ச நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில பள்ளிக்குள்ள சாதிக்கயிறே கூடாதுன்னு சொல்லிச்சு. எட்டாப்புலயே கலர் கயிறு, பஸ்ஸுல சாதிக்கொரு சீட்டு, கொடை ஃப்ளெக்ஸுல அரிவாளோட அண்ணன்மார். இதுக்குள்ளயே வளந்தவன் பதினேழு வயசுல வெட்டுனா அது அவன் சொந்த முடிவா? 1961ல ஏல் பல்கலைக்கழகத்துல உளவியலாளர் மில்கிராம், இன்னொருத்தருக்கு மின்சார ஷாக் கொடுக்கச் சொல்லிச் செஞ்ச சோதனையில, ஆய்வாளர் ‘தொடருங்க’ன்னு சொன்னதுக்கே 40 பேருல 26 பேர் 450 வோல்ட் வரை சுவிட்சை அழுத்துனாங்க. ஷாக் பொய்யின்னு அவங்களுக்குத் தெரியாது.

பாளை வக்கீல்:
அண்ணாச்சி, அதே மில்கிராம் வரிசையில இன்னொரு சோதனை இருக்கு. பக்கத்துல இருந்த ரெண்டு பேர் ‘முடியாது’ன்னு விலகுனதும், கடைசிவரை போனது 40ல 4 பேர்தான். அழுத்தத்தை மீற மனுசனால முடியும். சட்டமும் அப்படித்தான் பாக்குது. இப்ப இருக்க தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 32ஆவது பிரிவு, உடனே உயிர் போயிரும்னு மிரட்டுனா மட்டும் விலக்கு தருது. கொலைக்கு அதுவும் கிடையாது. கூட்டாளி ‘நீயெல்லாம் ஆம்பளையா’ன்னு கேக்கது மிரட்டலே ஆகாது.

குறுக்குத்துறை:
பதின்வயசுக்காரனுக்குக் கூட்டாளி கேலி சின்ன விசயமில்ல. உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்கும் 2005ல வெளியிட்ட ஆய்வுல, கார் ஓட்டுற விளையாட்டைத் தனியாவும் சேக்காளிகளோடயும் ஆடவிட்டாங்க. சேக்காளி பக்கத்துல இருந்தா 13–16 வயசுப் பிள்ளைங்க அதிகமா ஆபத்துல இறங்குனாங்க. 24 தாண்டுனவங்ககிட்ட பெரிய மாற்றமில்ல.

இங்கதான் சிறார் நீதிச் சட்டம் 15ஆவது பிரிவு சறுக்குது. 16 வயசு முடிஞ்சவன் கொடுங்குற்றம் செஞ்சா, பெரியவங்களைப் போல விசாரிக்கலாமான்னு முடிவு பண்ண, சிறார் நீதி வாரியம் மூணு மாசத்துல முதற்கட்ட மதிப்பீடு செய்யணும்: உடல்-மனத் திறன், விளைவு புரியுமா, எந்தச் சூழல்ல செஞ்சான். நடைமுறையில ‘கொலை தப்பா?’ன்னு கேப்பாங்க, ‘ஆமா’ம்பான், ‘விளைவு புரியும்’னு எழுதிருவாங்க. அமைதியான அறையில மேசைக்கு எதிர்ல வர்ற பதில் அது. ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேர் நடுவுல நிக்கும்போது அந்த அறிவு வேலை செஞ்சுதான்னு யாரும் கேக்கதில்ல. ஐ.க்யூ. மட்டும் போதாதுன்னு உச்ச நீதிமன்றமே 2022ல சொல்லிட்டு. வாரியத்துல குழந்தை உளவியல் படிச்சவர் இல்லன்னா நிபுணர் உதவி கட்டாயம்.

பாளை வக்கீல்:
நிபுணர் விசயத்துல ஒத்துக்கிடுதேன். ஆனா காலையில வகுப்புல வாய்த்தகராறு, ராத்திரி அரிவாள். நடுவுல என்ன நடக்கு? ஒருத்தன் வண்டிக்கு பெட்ரோல் போடுதான், ஒருத்தன் அரிவாளைச் சாக்குல சுத்துதான், இன்னொருத்தன் வீட்டுல லைட் எரியுதான்னு பாத்துட்டு வாரான். ஒவ்வொரு இடத்துலயும் திரும்பிப் போயிருக்கலாம். ‘திடீர் ஆத்திரம்’ங்கிற விலக்கு, பி.என்.எஸ். 101ஆவது பிரிவு முதல் விதிவிலக்கு, இத்தனை மணி நேர இடைவெளியைத் தாங்காது.

பொதிகைச்சாரல்:
சரி, அந்த அரிவாளை வாங்கிக் கொடுத்த பெரியவர் எங்க? பி.என்.எஸ். 95ஆவது பிரிவு, சிறுவனைக் குற்றத்துக்கு அமர்த்துனவனுக்கு மூணுலேருந்து பத்து வருசம். குற்றம் நடந்துட்டா தானே செஞ்ச மாதிரி தண்டனை. ஆனா ‘அமர்த்துனார்’னு நிரூபிக்கணும். கயிறு கட்டி, ஃப்ளெக்ஸுக்குக் காசு கொடுத்து, வருசக்கணக்கா வெறுப்பை ஊட்டுனவர் அதுல சிக்கமாட்டார். தூண்டுதல் பிரிவுக்கும் குறிப்பிட்ட குற்றத்தோட தொடர்பு காட்டணும். கடைசியில மாட்டுறது பையன் மட்டும்.

பாளை வக்கீல்:
அதுக்காகப் பையனை விடச் சொல்லாதீங்க. வண்டி யாரு பேருல இருக்கு, அன்னைக்கு யாருகிட்டருந்து எத்தனை கால் வந்துச்சு, அரிவாள் எந்தப் பட்டறையில அடிச்சது, காசு கொடுத்தது யாரு. முதல் வாரத்துலயே இதைக் கேட்டு வாங்கணும். தள்ளிப்போட்டா செல்போன் மாறிரும், பட்டறைக்காரர் மறந்துட்டேம்பார்.

குறுக்குத்துறை:
கேளுங்க, ரெண்டு பேரையும் கூண்டுல ஏத்துங்க. பையனுக்கு மட்டும் தண்டனை அளவு வேற. பெரியவங்களைப் போல விசாரிச்சாலும் தூக்கோ விடுதலைக்கே வழியில்லாத ஆயுளோ கிடையாது, 21 வயசு வரை பாதுகாப்பு இடத்துலதான் வைக்கணும். அந்த வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.