கற்றல் பாணி பார்த்துப் பிரித்த மூடுல் பாடம்: மூன்று பேருக்கு எதுவுமே திறக்கவில்லை

கேள்வி:
மூடுல் இணையக் கற்றல் தளத்தில் மின்சுற்று அடிப்படைப் பாடம், 40 மாணவர்கள். ஒருவர் எந்த வடிவில் கற்க விரும்புகிறார் (கற்றல் பாணி) என்று கேட்கும் ஃபெல்டர்–சாலமன் படிவத்தின் 44 கேள்விகளில் காட்சி/சொல் சார்ந்த 11-ஐ மட்டும் வினாடிவினாவாக ஏற்றி, காட்சி விடைக்கு ஒரு மதிப்பெண் வைத்தேன். 50%-க்குக் கீழே உரைப்பாடம், 50 முதல் 100 வரை காணொளி. மூன்று பேருக்கு இரண்டுமே வரவில்லை. என் ஆசிரியர் கணக்கில் நுழைந்து பார்த்தால் எல்லாம் திறக்கிறது. இன்னொன்று: காணொளியை முழுக்கப் பார்த்தவர்களும் ஓம் விதிக் கணக்கில் தடுமாறுகிறார்கள்.

பதில் 1:
மேல் வரம்பைப் பாருங்கள். மூடுலில் அது '100%-ஐ விடக் குறைவு' என்றே பொருள்படும். பதினொன்றுக்கும் காட்சி விடை சொன்னவர் சரியாக 100%, அதனால் வெளியே நிற்கிறார். மேல் வரம்புக்கான டிக்கை எடுத்துவிட்டால் போதும். வினாடிவினாவைத் தொடங்கிவிட்டுச் சமர்ப்பிக்காதவர்களையும் தேடுங்கள். அவர்களுக்கு மதிப்பெண்ணே இல்லை. மூடுல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாது. ஆசிரியர் கணக்கைக் கட்டுப்பாடு தடுக்காது என்பதால், சோதனைக்குத் தனி மாணவர் கணக்கில் வினாடிவினாவை எழுதியே பார்க்க வேண்டும்.

பதில் 2:
வரம்பைச் சரிசெய்தாலும் இரண்டாவது சிக்கல் போகாது. பிடித்த வடிவம் வேறு, அதில் நன்றாகக் கற்பது வேறு. பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் பேஷ்லர் குழுவின் 2008 ஆய்வுத் தொகுப்பு தெளிவாகவே சொன்னது. மின்சுற்றுக்குப் படம் எல்லோருக்கும் வேண்டும். விளக்கமும் படத்தை ஒட்டியே இருக்க வேண்டும். உரைப் பிரிவுக்குப் படத்தை மறுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

முன்னறிவை வைத்துப் பிரியுங்கள். 8 கேள்வி முன்தேர்வு. பாதிக்குக் கீழே எடுத்தவருக்குப் படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகள், மற்றவருக்கு நேரடியாகப் பயிற்சிக் கணக்கு. தெரிந்தவருக்கு அதே படிகளை மீண்டும் காட்டினால் அதுவே சுமையாகிவிடும்.

காணொளியை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரு கணக்குக் கேளுங்கள். வெறுமனே பார்ப்பதில் கை பழகாது.

கேள்வி கேட்டவர்:
மேல் வரம்பை எடுத்ததும் இருவருக்குத் திறந்தது. மூன்றாமவர் சமர்ப்பிக்கவே இல்லை. அப்படியானால் ஆளுமையைப் பார்க்கவே கூடாதா?

பதில் 2:
பாடப்பொருளில் வேண்டாம், சூழலில் பாருங்கள். பதற்றப்படுபவருக்குப் பயிற்சி வினாடிவினாவில் நேரக் கெடுவை நீக்கி, பலமுறை முயல விடுங்கள். பேசத் தயங்குபவர் உரையாடலுக்குப் பதில் எழுதி அனுப்பட்டும். தள்ளிப்போடுபவருக்கு ஒரே கெடு வேண்டாம், வாரத்துக்கு இரண்டு சிறு கெடு. இவற்றைப் படிவம் முடிவுசெய்ய வேண்டியதில்லை, மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். ஓர் அலகு முடிந்ததும் முன்தேர்வை வேறு எண்களோடு மறுபடி வைத்து, தேறியவரை அடுத்த பாதைக்கு மாற்றுங்கள்.