லிம்பு ஊர்களில் சுப்பா இன்னும் வழக்கு விசாரிக்கிறாரா?

கேள்வி:
கிழக்கு நேபாளத்து லிம்பு மக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊர்த் தலைவரான சுப்பாவே வழக்கு கேட்டு அபராதமும் போடுவார் என்று படித்தேன். இன்றும் அப்படித்தானா?

பதில் 1:
இல்லை. 2015 அரசமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நீதிக் குழு இருக்கிறது. அந்த உள்ளாட்சியின் துணைத் தலைவர்தான் அதை நடத்துவார்.

பதில் 2:
சட்டப்படி அது சரி. ஆனால் சுப்பாவின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எழுதாதீர்கள். அது நிலத்திலிருந்து வந்தது. 1774இல் நேபாள மன்னர் பிருத்வி நாராயண் ஷா கொடுத்த அரசாணை லிம்புக்களின் கிபட் நிலத்தை, அதாவது குலத்துக்குப் பொதுவான நிலத்தை, ஒப்புக்கொண்டது. அந்த நிலத்துக்கு வரி வசூலித்த சுப்பாவே அங்கே நியாயமும் சொன்னார். கொலை போன்ற பெருங்குற்றங்கள் மட்டும் அரசிடம் போகும். 1968இல் நிலச் சட்டத்தைத் திருத்திக் கிபட்டை ஒழித்தார்கள். நிலம் கைவிட்டுப் போனபின் சுப்பாவுக்கு என்ன மிச்சம்? எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் கல்யாணத் தகராறுகளை யார் பேசித் தீர்ப்பார்கள்?

பதில் 2:
தும்யாங் எனப்படும் பெரியவர்கள். பெண்ணும் பையனும் ஓடிப்போனார்கள் என்று வையுங்கள். பையன் வீட்டார் பன்றி இறைச்சியும் சாராயமும் பணமும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார்கள். பெண் வீட்டார் கோபமாகப் பேசுவார்கள், திட்டுவார்கள். கூட வந்த பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பணிந்து பேசுவார்கள். கொண்டுபோனதை வாங்கிக்கொண்டால் கோபம் தணிந்தது என்று அர்த்தம். அப்புறம்தான் பரிசப் பேச்சு.

இதை நான் மதிக்கிறேன், ஊரில் பகை வளராமல் தடுக்கிறது. ஆனால் ஜாரி வழக்கத்தை அப்படிச் சொல்ல மாட்டேன். இன்னொருவன் மனைவியோடு போனவன் முதல் கணவனுக்கு இழப்பீட்டுப் பணம் தர வேண்டும். கணக்கெல்லாம் இரண்டு ஆண்களுக்கு நடுவில். அவள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போனாள் என்பதற்கு அதில் இடமே இல்லை. கட்டுரையில் இதையும் எழுதுங்கள்.

பதில் 3:
ஆமாம், அடிதடி நடந்த வீட்டுப் பெண்ணைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவது எந்தப் பெரியவர் செய்தாலும் தப்பு. வயல் வரப்புச் சண்டைக்கு அவர்கள் போதும்.